வயிற்று மந்தத்தைக் காந்தத்தால் அளப்பது

"வயிறு மந்தமா இருக்கு" என்று சொல்லும்போது நாம் ஒரு வேகத்தைத்தான் சொல்கிறோம். காலையில் தின்ற இட்லி மதியம்வரை நெஞ்சுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறது, இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது, பிறகு ஏப்பம், குமட்டல். சர்க்கரை நோய் பல வருடங்களாக இருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. எண்டோஸ்கோப்பி பார்த்தால் "நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். அந்த ரிப்போர்ட்டில் பிழை இல்லை. எண்டோஸ்கோப்பி குடலின் சுவரைப் பார்க்கிறது. புண், கட்டி, வீக்கம் எல்லாம் அதில் தெரியும். உணவு எவ்வளவு நேரத்தில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அதில் தெரியாது.

வேகத்தை அளக்க வழிகள் உண்டு. டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை வெள்ளைக்கருவும் ரொட்டியும் கொடுத்து காமா கேமராவில் நான்கு மணி நேரம் படம் எடுப்பதுதான் இன்றும் தர அளவுகோல். நான்காவது மணியில் உணவில் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் மீந்திருந்தால் தாமதம் என்று கொள்வார்கள். மூக்கு வழியே குழாய் விட்டு அழுத்தம் அளப்பது இன்னொரு வழி. முதலாவதில் கதிர்வீச்சு உண்டு, அதனால் ஒரே ஆளுக்கு மாதாமாதம் செய்ய முடியாது. இரண்டாவதில் தொண்டைக்குள் குழாயோடு கிடக்கும் மனிதரின் குடல் இயல்பாக அசையுமா என்ற சந்தேகம் எப்போதும் இருக்கிறது.

காந்த முறைகளின் கவர்ச்சி இங்கேதான். உடல் திசு காந்தப்புலத்துக்குக் கண்ணாடி மாதிரி: கொழுப்பும் தசையும் எலும்பும் அதைத் தடுப்பதில்லை, வளைப்பதும் இல்லை. கதிர்வீச்சு கிடையாது, குழாய் கிடையாது, தோலில் எதையும் ஒட்டவும் வேண்டாம். ஆனால் "காந்த முறை" என்ற ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு அளவீடுகள் இருக்கின்றன. ஒன்று வயிற்றின் மின்தாளத்தை அளக்கிறது, இன்னொன்று உணவின் போக்கை, மூன்றாவது ஒரு தனி மாத்திரையின் பயணத்தை. இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பேசுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

முதலில் மின்தாளம். இரைப்பைத் தசையில் கஹால் செல்கள் என்ற தாளக்காரச் செல்கள் இருக்கின்றன. அவற்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 முறை ஒரு மெல்லிய மின் அலை எழுந்து, இரைப்பையின் உடல் பகுதியில் நொடிக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி நகர்கிறது. சிறுகுடலின் தொடக்கத்தில் இதே தாளம் நிமிடத்துக்கு 11, 12. கடைசிப் பகுதியில் 8 அளவுக்கு இறங்கிவிடும். இந்த இறங்குவரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மின்னோட்டம் இருக்கும் இடத்தில் காந்தப்புலமும் இருக்கும். இரைப்பையின் அலை வயிற்றுக்கு வெளியே உண்டாக்கும் புலம் சில பிகோடெஸ்லா மட்டுமே (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு, பிகோ என்றால் அதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு பெரியது.

இவ்வளவு சிறியதைப் பிடிக்க ஸ்க்விட் என்ற மீக்கடத்திச் சென்சார் வேண்டும். நியோபியம் வளையத்தைத் திரவ ஹீலியத்தில் 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்து, வெளிக் காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் தகடு போர்த்திய காப்பறைக்குள் வைத்து அளப்பார்கள். அமெரிக்காவின் நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு இதில் நெடுங்காலமாக உழைத்திருக்கிறது. குடலுக்கு ரத்தம் தடைப்படும்போது சிறுகுடலின் தாளம் குறைவதை ஸ்க்விட்டால் வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்று 1995-இல் முயல்களில் காட்டியது அவர்கள்தான். குடலில் ரத்த அடைப்பு என்பது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும் நோய். வயிற்றைத் திறக்காமல் அதைக் கண்டறிய வழி தேடுவது எவ்வளவு முக்கியம் என்பதை அறுவை மருத்துவர்கள் அறிவார்கள். அதே குழு பின்னர், சர்க்கரை நோயால் இரைப்பை மந்தமானவர்களிடம் தாளத்தின் எண்ணிக்கையைவிட அலை பரவும் பாங்கே சிதைந்திருக்கிறது என்று காட்டியது. இது தோல்மேல் ஒட்டும் மின்முனைகளில் எளிதில் தெரியாத விஷயம். கொழுப்பும் தோலும் மின்னழுத்தத்தைக் கரைத்துப் பரப்பிவிடுகின்றன, காந்தப்புலத்தை அப்படிச் செய்வதில்லை.

கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் ஸ்க்விட் சென்சார்களை உருவாக்கி, இதயத்தின் காந்தப்புலத்தையும் மூளையின் காந்தப்புலத்தையும் அளக்கும் கருவிகளைக் காப்பறையோடு அமைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இதயக் கருவியை வயிற்றுக்கு மேல் நிறுத்துவது கொள்கையளவில் எளிது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டியை. இதயப் பதிவின் அடிப்படைக் கோடு ஆடாமல் இருக்க, நொடிக்கு அரை சுழற்சிக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவது வழக்கம். இரைப்பையின் தாளமோ 0.05 ஹெர்ட்ஸ். அந்த வடிகட்டியை அணைக்காமல் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் இதயம் அழகாகக் கிடைக்கும், இரைப்பையின் சுவடுகூட இருக்காது.

0.05 ஹெர்ட்ஸ் என்பது வேறு வகையிலும் பொல்லாத இடம். சென்சாரின் சொந்த இரைச்சல் அங்கேதான் ஏறுகிறது. கட்டடத்தின் லிஃப்ட் ஏறி இறங்குவது, வாசலில் கார் திரும்புவது, பக்கத்து வராந்தாவில் இரும்புத் தள்ளுவண்டி போவது எல்லாம் ஏறக்குறைய இதே மெதுவில்தான் நிகழ்கின்றன. பதிவு நேரத்தில் லிஃப்டை நிறுத்தச் சொல்வது மிகை இல்லை. முடியாவிட்டால் நோயாளியிடமிருந்து விலகி ஒரு ஒப்பீட்டு சென்சார் வைத்து, அதில் விழும் அலையைக் கழிக்க வேண்டும். அண்மைக் காலத்தில் பேசப்படும் ரூபிடியம் ஆவி சென்சார்களுக்கு ஹீலியம் வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். அவற்றுக்கும் காப்பறை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதிவுக்குப் பிறகு நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. 0.03-இலிருந்து 0.07 ஹெர்ட்ஸ்வரை மட்டும் விடும் குறுகிய வடிகட்டியில் வெறும் இரைச்சலை ஊற்றினாலும், மறுபக்கம் நிமிடத்துக்கு 3 முறை ஆடும் அழகான அலை வரும். வடிகட்டியின் இயல்பு அது. எனவே வடிகட்டிய கோட்டை மட்டும் காட்டும் எந்தப் படத்தையும் நம்பக்கூடாது. ஆளில்லாமல் அதே அறையில் அரை மணி நேரம் பதிவு செய்து, அதே வடிகட்டியில் விட்டு, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அலைவரிசைப் பகுப்பாய்வுக்கு 4 நிமிடத் துண்டு எடுத்தால், அதில் இருப்பது 12 அலைகள்தான். பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு நிமிடத்துக்கு 0.25 சுழற்சி. இதைவிட நுணுக்கமாக எண் சொல்பவர்கள் தரவில் இல்லாததைச் சொல்கிறார்கள்.

சிறுகுடலைப் பார்க்கும்போது மூச்சு குறுக்கே வரும். ஓய்வில் மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20. முன்சிறுகுடலின் தாளம் 12. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும். மார்பில் ஒரு பட்டை கட்டி மூச்சைத் தனியாகப் பதியாமல் "சிறுகுடல் தாளம் கிடைத்தது" என்று எழுதக் கூடாது. நிமிடத்துக்கு 18 முறை ஒலிக்கும் மணிக்கு ஏற்ப மூச்சுவிடச் சொல்லிச் சில நிமிடம் பதிவதும் பயன்படும்: நகர்ந்த உச்சி மூச்சுடையது, நகராதது குடலுடையது.

இன்னொன்று: மின்தாளம் இருக்கிறது என்பதால் இரைப்பை பிசைகிறது என்று ஆகிவிடாது. அலை தாளத்தை வகுக்கிறது. தசை அந்தத் தாளத்தில் சுருங்கலாம், சுருங்காமலும் இருக்கலாம். ஆகவே ஸ்க்விட் சொல்வது தாளத்தை மட்டும்தான். பிசைவும் உணவின் போக்கும் வேண்டுமென்றால் இரண்டாவது முறைக்கு வர வேண்டும்.

இந்த இரண்டாவது முறையைப் பற்றித்தான் விரிவாக எழுத ஆசை. ஹீலியமும் காப்பறையும் இல்லாமல், ஒரு நல்ல கல்லூரி ஆய்வகம் செய்துவிடக்கூடியது இது. பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்து ஆய்வாளர்கள் 1992-இல் இதை இரைப்பை காலியாவதை அளக்கும் கருவியாக வெளியிட்டார்கள். பொட்டுக்காட்டு நகரின் பல்கலைக்கழகக் குழு அதற்குப் பிறகும் விடாமல் வளர்த்து வந்திருக்கிறது. கருத்து எளியது. டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருள்களுக்கு நடுவே இரும்பு இருக்கும் அல்லவா? இங்கே இரும்பு, நோயாளி சாப்பிட்ட உணவுக்குள் இருக்கிறது.

ஒரு தூண்டு சுருளும் ஒரு உணர் சுருளும் சேர்ந்தது ஒரு ஜோடி. இப்படி ஒரே மாதிரி இரண்டு ஜோடிகளை ஒரே அச்சில், இடைவெளி விட்டு வைக்கிறோம். தூண்டு சுருள்களில் 10 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் ஓடும். உணர் சுருள்கள் இரண்டையும் எதிரெதிராக இணைத்தால் அவற்றின் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று அழித்து, வெளியீடு பூஜ்யத்துக்கு அருகில் நிற்கும். ஒரு ஜோடிக்கு முன்னால் ஃபெர்ரைட் என்ற இரும்பு ஆக்சைடு வகைக் காந்தத் தூள் கலந்த உணவு வந்தால் சமநிலை குலைகிறது. குலைந்த அளவை, அந்த 10 கிலோஹெர்ட்ஸ் குறியை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் படிக்கிறது. தொலைவிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு ஜோடிகளையும் சமமாகத் தொடுவதால் பெரும்பாலும் தானே கழிந்துபோகும். காப்பறை தேவைப்படாததன் ரகசியம் அதுதான்.

சுருள் சுற்றுவதில்தான் பாதி வெற்றி. சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றானால் போதாது. ஒரே இறுக்கம், ஒரே விட்டம், அசையாத அச்சு வேண்டும். சுற்றியபின் எபாக்ஸியில் உறைய வைக்காவிட்டால், மேசையில் தட்டினாலே சமநிலை ஓடிவிடும். எவ்வளவு கவனமாகச் சுற்றினாலும் சிறு மிச்சம் இருக்கும். ஒரு சிறிய ஃபெர்ரைட் திருகை முன்பின் நகர்த்தி அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். கருவியை இயக்கியதும் அளக்கத் தொடங்கக் கூடாது. செம்பு சூடேறும்போது அதன் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறுகிறது, சுருளும் விரிகிறது. அரை மணி நேரமாவது ஓடவிட்டு, வெளியீடு நிலைத்தபின் தொடங்க வேண்டும். ஏசி காற்று நேராகச் சுருளில் படுவது, பகல் முழுதும் மெதுவாக நகரும் ஒரு போலி "இரைப்பை காலியாதலை" உண்டாக்கும்.

உலோக விதி இங்கே மாறுகிறது. ஸ்க்விட் அறையிலும், பின்னால் வரும் ஹால் சென்சாரிலும் (நிலையான காந்தப்புலத்தை அளக்கும் சிறு சில்லு) முக்கியமாகக் கழற்ற வேண்டியது இரும்பை: பெல்ட் பக்கிள், உள்ளாடைக் கொக்கி, தாலிக்கயிற்றில் கோத்த ஊக்குகள். 10 கிலோஹெர்ட்ஸ் கருவிக்கு எல்லா உலோகமும் பகை. தங்கச் சங்கிலியிலும் அலுமினியக் கட்டில் கம்பியிலும்கூட சுழல் மின்னோட்டம் உண்டாகி, சமநிலையைக் குலைக்கும். வளையம்போல் மூடிய நகை மோசமானது. தாலியைக் கழற்றச் சங்கடப்படுபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அதை முதுகுப்பக்கம் தோளுக்கு மேலே ஒதுக்கி டேப் போட்டு ஒட்டி, உணவுக்கு முன்னும் பின்னும் அசையாமல் அதே இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். உட்காரும் நாற்காலி மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனதாக இருக்கட்டும்.

தூள் என்பது பொதுவாக மாங்கனீஸ் ஃபெர்ரைட், 0.1 மில்லிமீட்டர் அளவுத் துகள்கள். குடல் அதை உறிஞ்சுவதில்லை, மலத்தோடு போய்விடும். சில கிராம் போதும். எதில் கலப்பது என்பதுதான் கேள்வி. ஃபெர்ரைட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு. மோரில் கலந்தால் டம்ளரின் அடியிலேயே தங்கும். வயிற்றுக்குள்ளும் உணவைவிட்டுப் பிரிந்து அடியில் படியும். பிறகு நாம் அளப்பது தூள் படிந்த கதையை, உணவு போன கதையை அல்ல. கெட்டித் தயிர் சரியான ஊடகம். கலந்த தயிரை ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றி 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, மேலும் கீழும் சென்சாரைக் காட்டி இரண்டும் ஒரே அளவு காட்டுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். உணவை மாற்றினால் இயல்பு அளவுகளும் மாறும். முட்டை உணவுக்கான நான்கு மணி எல்லையை எடுத்துத் தயிர்சாதத்துக்குப் பொருத்துவது தவறு. புதிய உணவென்றால் ஆரோக்கியமானவர்களிடம் முதலில் அளந்து சொந்த எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும்.

செய்முறை இப்படி. இரவு முழுதும் பட்டினி. காலையில் வயிற்றின்மேல் சென்டிமீட்டர் கட்டங்களைப் பேனாவால் குறித்து, வெறும்வயிற்றில் எல்லாக் கட்டங்களையும் அளந்து வைக்கிறோம், அது பின்னணி. உணவு, பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். உடனே மறுபடி எல்லாக் கட்டங்களும், பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு அளவும் மூச்சை வெளிவிட்ட நிலையில், சென்சார் தோலைத் தொட்டும் தொடாமலும். கட்டங்களின் கூட்டுத்தொகை நேரத்தோடு எப்படிக் குறைகிறது என்பதே காலியாகும் வளைவு. இடையில், இரைப்பையின் கீழ்ப்பகுதிக்கு மேலே சென்சாரை அசையாமல் நிறுத்தி 5 நிமிடம் பதிந்தால், பிசைவின்போது ஃபெர்ரைட் சென்சாருக்கு அருகே வந்து விலகுவது நிமிடத்துக்கு 3 அலைகளாகத் தெரியும். பிசைவின் தாளமும் உணவின் போக்கும் ஒரே அமர்வில் கிடைப்பது இந்த முறையில்தான்.

இதன் பலவீனம் தூரம். தூண்டும் புலம் தூரத்தோடு குறைகிறது, ஃபெர்ரைட் திருப்பித் தரும் பதிலும் தூரத்தோடு குறைகிறது. தூரம் இரண்டு முறை வரி வாங்குகிறது. சுருளின் அளவைவிட வெகுதூரம் போனால் குறைவு தூரத்தின் ஆறாம் அடுக்கை நெருங்கும்: தூரம் இரட்டித்தால் குறி 64-இல் ஒரு பங்கு. ஆகவே தொப்பை உள்ளவர்களிடம் முறை தடுமாறுகிறது. இன்னொரு சிக்கலும் அதனால் வருகிறது: உணவு வெளியேறாமல் வெறுமனே முதுகுப்பக்கம் சாய்ந்தாலும் குறி குறையும். முன்புறம், பின்புறம் இரண்டிலும் அளந்து பெருக்குத்தொகையின் வர்க்கமூலம் எடுப்பது இதை ஓரளவு திருத்தும், முழுதாக அல்ல. தயிர்க்குடுவையை 1 முதல் 10 சென்டிமீட்டர்வரை ஒவ்வொரு சென்டிமீட்டராக நகர்த்தி, உங்கள் சென்சாரின் தூரவளைவை வரைந்து சுவரில் ஒட்டிவையுங்கள். எந்த நோயாளியை ஏற்கலாம் என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

மூன்றாவது முறை மாத்திரையின் பயணம். இதில் இரண்டு பிரிவு. ஜெர்மனியில் 1990-களிலிருந்து வளர்ந்தது ஸ்க்விட் வழி: மாத்திரைக்குள் சிறிதளவு கருப்பு இரும்பு ஆக்சைடு சேர்த்துக் காந்தமேற்றி, விழுங்கியபின் அது வெளியே விடும் மெல்லிய புலத்தைப் பல சென்சார்களால் அளந்து இடத்தைக் கணக்கிடுவது. இதில் ஒரு அழகு உண்டு. மாத்திரை முழுதாக இருக்கும்வரை துகள்கள் ஒரே திசையில் காந்தமாகி நிற்கின்றன. கரையத் தொடங்கியதும் துகள்கள் உதிர்ந்து தாறுமாறாகத் திரும்பி ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மாத்திரை எங்கே இருக்கிறது என்பதோடு எவ்வளவு கரைந்தது என்பதும் ஒரே அளவீட்டில் வருகிறது. ரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின் மருந்தை மெதுவாக விடும் மாத்திரையை இப்படிப் பின்தொடர்ந்து 2005-இல் வெளியான ஆய்வு, சாப்பாட்டுக்குப் பின் விழுங்கிய மாத்திரை கலக்கம் குறைந்த இரைப்பை மேற்பகுதியில் மணிக்கணக்கில் தங்குவதையும், ரத்தத்தில் மருந்து ஏறும் விதம் அந்த இடத்தைப் பொறுத்து மாறுவதையும் காட்டியது. "சாப்பாட்டுக்கு முன்", "சாப்பாட்டுக்குப் பின்" என்று மருந்துச் சீட்டில் எழுதும் இரண்டு சொற்களுக்குப் பின்னால் எவ்வளவு இயற்பியல் இருக்கிறது என்பதை இது கண்முன் நிறுத்துகிறது.

இன்னொரு பிரிவு, நிரந்தரக் காந்தத்தையே விழுங்குவது. சுவிட்சர்லாந்தின் லொசானில் உருவான கருவியில் ஹால் சென்சார்கள் நாலுக்கு நாலாகப் பதித்த ஒரு பலகை வயிற்றுக்கு மேல் இருக்கும். கணக்கு எளிது. 5 மில்லிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் நீளமும் உள்ள நியோடிமியம் காந்தம், தன் அச்சுத் திசையில் 10 சென்டிமீட்டர் தொலைவில் சுமார் 19 மைக்ரோடெஸ்லா தரும். 20 சென்டிமீட்டரில் 2.3 மட்டுமே. கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் ஐந்து: இடத்துக்கு மூன்று, சாய்வுக்கு இரண்டு. தன் அச்சிலேயே உருள்வது வெளியே தெரியாது, அதற்கு எண் இல்லை. பதினாறு சென்சார்கள் இருப்பதால் ஐந்தைக் கணக்கிடுவதோடு எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். கணக்கை முந்தைய இடத்திலிருந்து தொடங்கினால் வேகமாக முடியும். ஆனால் நோயாளி இருமியோ புரண்டோ காந்தம் சட்டென்று நகர்ந்தால் கணக்கு பழைய இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். மிச்சப் பிழை ஏறும்போது புதிதாகத் தேடச் சொல்லி நிரலில் எழுதிவைக்க வேண்டும்.

பூமியின் புலம் இங்கே நேரடி எதிரி. சென்சார் பலகை 1 டிகிரி சாய்ந்தாலே 0.7 மைக்ரோடெஸ்லா மாறிவிடும். 20 சென்டிமீட்டர் ஆழத்துக் காந்தத்தின் குறியில் அது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே பலகை கட்டிலோடு அசையாமல் நிற்க வேண்டும், நோயாளியும் மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். இதிலிருந்து தப்பிக்கத்தான் பின்னால் வந்த குளிகைகள் பேட்டரியோடு மாறுபுலம் உமிழ்கின்றன. பூமியின் நிலைப்புலம் தானே ஒதுங்கிவிடுவதால் இடுப்பில் பெல்ட்டோடு நடமாடலாம்.

காந்தம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை இடத்தை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. தாளத்தையும் பார்க்க வேண்டும், முன்பு சொன்ன இறங்குவரிசை இங்கே கைகொடுக்கும். நிமிடத்துக்கு 3 ஆட்டம் என்றால் இரைப்பை. திடீரென்று 10, 11 ஆகி, காந்தம் வளைந்த பாதையில் ஓடினால் பைலோரஸ் என்ற இரைப்பையின் கீழ்வாசலைக் கடந்து முன்சிறுகுடலுக்குள் நுழைந்துவிட்டது. ஆட்டம் 8-க்கு இறங்கி, வலது அடிவயிற்றில் சட்டென்று நின்றால் பெருங்குடல் வாசல். அதற்குப் பிறகு நீண்ட அசைவின்மை, காலையில் எழுந்ததும் அல்லது சாப்பிட்டதும் ஒரே தள்ளாக ஓட்டம்.

இந்த முறையை வைத்து "இரைப்பை காலியாகும் நேரம்" என்று அறிக்கை எழுதுபவர்களிடம் எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. பைலோரஸ் உணவு நேரத்தில் 2 மில்லிமீட்டருக்குச் சிறிய துகள்களைத்தான் எளிதாக விடும். காந்தக் குளிகை பெரியது, செரிக்காதது. உணவெல்லாம் போய் முடிந்தபிறகு, பட்டினி வயிற்றில் ஒன்றரை இரண்டு மணிக்கொருமுறை வரும் பெருக்கும் அலைதான் அதை வெளியே தள்ளுகிறது. ஆக, குளிகை இரைப்பையில் நின்ற நேரம் என்பது அந்தத் துப்புரவு அலை எப்போது வந்தது என்பதன் அளவு. நடுவில் ஒரு பிஸ்கட் தின்றால் அலை தள்ளிப்போய், ஆரோக்கியமானவரும் மந்தக்காரர் ஆகிவிடுவார். பெருங்குடல் மந்தத்துக்கு, நாட்பட்ட மலச்சிக்கலுக்கு, இந்தக் குளிகை அருமையான கருவி. உணவு காலியாவதைப் பார்க்க ஃபெர்ரைட் தயிர்தான் பொருத்தம்.

எல்லா முறைக்கும் பொதுவான ஒரு பழைய பாடம்: 1973-இல் டேவிட் கோஹன், மனித உடலுக்குள், வயிற்றிலும்கூட, இரும்புத் துகள்கள் இருப்பதைக் காந்தமானியால் காட்டினார், தகர டப்பா உணவிலிருந்து வருபவை அவற்றுள் உண்டு. இரும்புச் சட்டியும் தோசைக்கல்லும் சுரண்டப்படும் வீடுகளிலிருந்து வருபவர்களிடமும் பின்னணி அளவை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை விட்டுக்கொடுக்க முடியாதவை உண்டு. நிரந்தரக் காந்தம் ஒரே நேரத்தில் ஒன்றுதான். இரண்டு காந்தங்கள் அடுத்தடுத்த குடல் மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுத்தால், நடுவில் சிக்கும் சுவர் ரத்தமின்றி அழுகித் துளை விழும். முந்தையது வெளியேறியது உறுதியாகாமல் அடுத்ததைத் தரக் கூடாது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், குடலில் சுருக்கம் இருப்பதாகச் சந்தேகம் உள்ளவர்கள் வேண்டாம். வெளியேறும்வரை எம்ஆர்ஐ அறைப் பக்கமே போகக் கூடாது. இதை நோயாளியின் கையில் தமிழில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும், வீட்டிலுள்ளவர்களிடமும் சொல்ல வேண்டும்.

வெளியேறியதை எப்படி அறிவது? சாதாரணத் திசைகாட்டியை வயிற்றைச் சுற்றி மெதுவாக நகர்த்தினால், 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மேற்சொன்ன காந்தம் வசதியான திசையில் இருந்தால் முள் 25 டிகிரி அளவுக்குத் திரும்பும். 20 சென்டிமீட்டரில் அது 3 டிகிரிதான், கை நடுக்கத்தில் தொலைந்துவிடும். ஆகவே முள் திரும்பினால் உள்ளே இருக்கிறது என்று முடிவு செய்யலாம். திரும்பவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. எம்ஆர்ஐ தேவைப்பட்டு, குளிகை வெளியேறியதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்றால், வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்த பிறகே ஆளை உள்ளே அனுப்ப வேண்டும்.